அண்ணன் முறையில் பிடித்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில், மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்கள் காட்டுக்கு மேல்புறம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வந்தது. நாலாவது வருஷம் என் மஞ்சள் குருத்திலேயே கருகியது. மரவள்ளிக் கிழங்கு கழுவிய புளித்த தண்ணீரை மில்காரர்கள் மண்குட்டையில் தேக்கினார்கள். அது இறங்கி எங்கள் கிணற்றில் ஊறியது. தொட்டியில் ஊற்றினால் மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மனு எழுதி எழுதி என் கை ஓய்ந்த பிறகு சேலத்திலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார்.

நல்ல மனிதர். மூன்று இடத்தில் ஆளுயரம் குழி தோண்டவைத்து, அடுக்கடுக்காக மண் எடுத்துப் பையில் கட்டினார். "தண்ணீரும் கெட்டிருந்தால் குட்டையைச் சேறோடு அள்ளித் தளம் போடவைக்கலாம்" என்றார். அன்று கரண்ட் இல்லை. இரண்டு பாட்டிலைக் கொடுத்து, மறுநாள் மோட்டார் அரைமணி ஓடிய பிறகு பிடித்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அண்ணன் முறை. கிணறு எங்கள் இருவருக்கும் பொது. ஒருநாள் அவருக்கு, ஒருநாள் எனக்கு. அவர் முறையன்று நான் மோட்டார் கொட்டகைப் பக்கம் தலைவைத்ததே இல்லை. பாட்டில்களை அவரிடமே கொடுத்தேன். அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ரிசல்ட் வந்தது. மண் கெட்டிருக்கிறது, தண்ணீர் சுத்தம். குட்டையை அள்ள வேண்டியதில்லை. கடைசி வரியில், சோப்பு நன்றாக நுரைக்கும் தண்ணீர் என்றிருந்தது. மில் வருவதற்கு முன்பும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைத்தது கிடையாது. வேட்டி துவைக்க ஊர் நல்லதண்ணிக் கிணற்றுக்குத்தான் போவோம்.

"ஏனுங்கண்ணா, எந்தக் கெணத்துத் தண்ணிய ஊத்துனீங்க?"

அண்ணன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எம்பட பெரிய பையனுக்கு மில்லுல வேல போட்டுத் தாரேன்னிருக்காங்க. நீ கம்முனு இரு சாமி."

"அப்ப என்ற காடு என்னாகறது?"

"எனக்கும் அதே தண்ணிதான பாயுது?"

மறுபடி சோதிக்கச் சொல்லி மனு எழுத உட்கார்ந்தேன். தண்ணீரை மாற்றியது யார் என்றும் எழுதியாக வேண்டும். கூடப்பிறந்தவரைத் திருடன் என்று சர்க்கார் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. வராது என்பது அண்ணனுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் செய்தார். காடு பாழானதைக்கூட விட்டுவிடலாம், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.