வார இறுதியில் இலவசம்

"கரன்ட் பில்லக் கொண்டா, பாப்போம்." சோளரொட்டியை மென்றபடியே டார்லீன் கையை நீட்டுகிறாள். ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் தெருவில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவளுக்கு முதலில் பில், பிறகுதான் இறைச்சி.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வாட்டசாட்டமான உடம்பு, வெண்கலக் குரல். இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பிதான்; மின்சாரம் விற்கும் கம்பெனிகளோ ஏராளம், யாரிடம் வாங்குவது என்பது அவரவர் விருப்பம். மற்றவர்கள் பேஸ்பால் பார்ப்பதுபோல் அவள் அந்த விலைகளைப் பார்ப்பாள். அரை சென்ட் இறங்கினாலும் அவள் பேருந்தின் ஹாரன் அலறும். "இன்னும் அந்தப் பழைய கம்பெனியோடதான் குடித்தனமா? வெக்கமா இல்ல?" என்று என்னைச் சீண்டுவாள்.

போன வாரம் நல்ல வெயில். எதிர்வீட்டு மரிசெல், பில்லுக்குப் பயந்து பகலில் ஏ.சி.யை நிறுத்திவைத்ததில் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அவள் வாசலில் டிரெவர் என்றொரு விற்பனைக்காரன். "சனி, ஞாயிறு முழுக்கக் கரன்ட் இலவசம், மேடம்! ரெண்டே வருஷ ஒப்பந்தம்." கையெழுத்துப் போட மரிசெலின் விரல் அவன் நீட்டிய டேப்லெட்டின் திரையருகே போய்விட்டது.

"விரல எடுடீ!" தெருவைத் தாண்டி ஓடிவந்தாள் டார்லீன். நானும் பின்னால் ஓடினேன்.

"தம்பி, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் யூனிட் என்ன விலை?"

"சராசரியாப் பாத்தா..."

"சராசரிய நீயே வச்சுக்க. விலையச் சொல்லு."

சொன்னான். மற்ற திட்டங்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

டார்லீன் மரிசெலிடம் திரும்பினாள். "சனி, ஞாயிறு நீயும் உன் புருஷனும் எங்க இருப்பீங்க?"

"ஆஸ்பத்திரி டூட்டி. குழந்தை எங்கம்மா வீட்ல."

"அப்ப இலவசக் கரன்ட்ட யாரு அனுபவிக்கிறது? உங்க வீட்டுப் பூனையா?"

டிரெவரே சிரித்துவிட்டான். அவனை விரட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ இன்னும் நெருங்கி நின்றாள். "வேற என்ன வச்சிருக்க? ஒளிக்காமக் காட்டு."

தயங்கித் தயங்கித் திரையின் அடிக்குப் போனான். "இது ஒண்ணு இருக்கு. வருஷம் முழுக்க ஒரே விலை. எனக்குத்தான் கமிஷன் கம்மி."

"ஆயிரம் யூனிட் தாண்டினாத்தான் தள்ளுபடி, அந்த மாதிரி கொக்கி எதுவும்?"

"இல்ல மேடம்."

"நடுவுல விட்டுட்டுப் போனா அபராதம்?"

"சின்னதா ஒண்ணு. இதோ, இங்க போட்டிருக்கு."

உதடு அசைய அசைய அவள் வரிவரியாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காதுமடல் சிவந்தது.

"இயேசுவே! நான் குடுக்குறதவிடக் கம்மிடீ! இந்தத் தெருவுல என்னைய ஒருத்தனும் ஜெயிச்சதில்ல. இந்தப் பொடியன் ஜெயிச்சுட்டான்!" அவள் டிரெவரின் தோளைப் பிடித்து உலுக்கியதில் அவன் தொப்பி கீழே விழுந்தது.

மரிசெல் கையெழுத்துப் போட்டாள். உள்ளே ஓடி ஏ.சி.யைத் தட்டிவிட்டாள்; பெட்டி உறுமியதும் குழந்தை மிரண்டு, பிறகு சிரித்தது. டிரெவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

டார்லீன் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். தெருவின் நடுவில் போய் நின்று, இரண்டு விரல்களை வாய்க்குள் வைத்து, எல்லா வீட்டுக் கதவுகளும் திறக்கும்படி ஒரு விசில் அடித்தாள்.