‘ஆர்ர புள்ள’ என்றொரு கட்டம்

1. காலை அழைப்பு

நிந்தவூரிலிருந்து ஜெயந்தி அக்கா அழைத்தபோது நான் கல்முனை அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தனியார் வைத்திய நிலையத்தின் வரவேற்பு மேசையில் பதினான்கு வருடமாக இருப்பவர். காரைதீவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். அந்த நிலையத்துக்கு மென்பொருள் எழுதிய கம்பனியில் நான் சீனியர் எஞ்சினியர்.

“மிஸ், புள்ளைட பேர் மாறி வருது. வந்திருக்கிறது ரிஸ்னா. ஸ்கிரீன்ல ரிப்கா எண்டு காட்டுது.”

“போன் நம்பர் சரியா அக்கா?”

“நம்பர் சரி. ஆள் அது இல்ல.”

“புது சிஸ்டம்தானே, பேர் காட்டுறதில ஏதோ சின்னப் பிழையா இரிக்கும். நீங்க புள்ளைய உள்ள அனுப்புங்க, நான் பின்னேரம் பாக்கன்.”

அரை மணித்தியாலத்தில் மறுபடியும் அழைத்தார். பேச முடியாமல் அழுதுகொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை, ஊசி போட்டுச் சில நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சுத் திணறிவிட்டது. வைத்தியர் பக்கத்திலேயே நின்றதால் உடனே மாற்று மருந்து ஏற்றி, அம்புலன்ஸில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். ரிஸ்னாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. எங்கள் பழைய மென்பொருளில் அது நான்கு வருடமாகச் சிவப்பு எழுத்தில் கிடந்தது. அன்றைக்கு வைத்தியரின் திரையில் ‘ஒவ்வாமை இல்லை’ என்று இருந்தது.

பிள்ளையைக் கூட்டிவந்தவர் தாய் இல்லை, தாயின் தங்கையான சாச்சி. தாய் ஸபீனா டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று வைத்தியர் கேட்டிருக்கிறார். “எல்லாம் உங்கட கொம்பியூட்டர்ல இரிக்கி டொக்டர்” என்று சாச்சி சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கணினியை நம்பச் சொல்லி ஊருக்குப் பழக்கியவர்களே நாங்கள்தான்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் எல்லாம் என்று சொல்கிறேன்.

2. நிபுணர்கள் வந்தார்கள்

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பழைய வேலை அலங்கோலமாகத்தான் இருந்தது. ஒரு கிளினிக்குக்கு எழுதியதை அப்படியே கொப்பி பண்ணி, அங்கே இங்கே மாற்றி அடுத்த கிளினிக்குக்குக் கொடுப்போம். ஏழு கிளினிக், ஏழு கொப்பி. ஒன்றில் பிழை கண்டால் ஏழிலும் போய்த் திருத்த வேண்டும்.

ஆகவே முதலாளி கொழும்பிலிருந்து இரண்டு நிபுணர்களை வரவழைத்தார். முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வந்தவர்கள் சொன்ன வழி நல்ல வழிதான். நோயாளி விபரத்துக்கு ஒரு சர்வீஸ், மருந்துக்கு ஒரு சர்வீஸ், அப்பொயின்ட்மென்டுக்கு ஒரு சர்வீஸ் என்று வேலைகளைத் தனித்தனிச் சிறு மென்பொருட்களாகப் பிரிப்பது. எல்லாக் கிளினிக்கும் அவற்றையே கேட்டுப் பயன்படுத்துவது. எல்லோருக்கும் பொதுவானது எது, ஆளுக்கு ஆள் மாறுவது எது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், ஒரே அடித்தளத்திலிருந்து எத்தனை புரொடக்டும் எடுக்கலாம். அதைப் புரொடக்ட் லைன் என்றார்கள்.

கண்ணாடிச் சுவரில் துண்டுக் கடதாசி ஒட்டினார்கள். மஞ்சள் என்றால் பொது, சிவப்பு என்றால் மாறுவது. திரையில் விபரம் நிரப்பும் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வந்து, நிந்தவூர்க் கொப்பியில் இருந்த ஒன்றில் நின்றார்கள். அதன் பெயர் ‘ஆர்ர புள்ள’, அதாவது யாருடைய பிள்ளை. ஜெயந்தி அக்கா கேட்டு நான் போட்டுக் கொடுத்தது. ‘ஸபீனா டீச்சர்ர மகள், பள்ளிவாசல் பின் ஒழுங்கை’ என்று அதில் எழுதுவார். நோயாளியின் பெயருக்குக் கீழே வைத்தியருக்கும் அது தெரியும்.

நிபுணர்களில் ஒருவர், மென்பொருளின் அமைப்பை வகுக்கும் ஆர்க்கிடெக்ட், சிரித்தார். “இது டேட்டா இல்ல மிஸ், ஊர்க்கதை. மற்ற ஆறு கிளினிக்ல இல்லாதது பொதுக் கோர்ல எதுக்கு?”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குக் கடதாசியே ஒட்டவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு விதி வந்தது. முதற்பெயர், தொலைபேசி எண், பிறந்த ஆண்டு மூன்றும் பொருந்தினால் இரண்டு பதிவும் ஒரே ஆளுடையது. சர்வீஸ் அவற்றைத் தானாகவே ஒன்றாக்கிவிடும், கடைசியாக நிரப்பிய விபரத்தை வைத்துக்கொள்ளும். அதற்கு மஞ்சள் கடதாசி ஒட்டினார்கள்.

எங்கள் கிழக்குக் கரையில் பிறந்த எவருக்கும் இந்த விதி ஓட்டைச் சட்டி என்று பார்த்தவுடன் தெரியும். இங்கே பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முன்னால் பாத்திமா இருக்கும். கூப்பிடும் பெயர் இரண்டாவதாகத்தான் வரும். சகோதரிகள் கலியாணத்துக்குப் பிறகும் தாய் கொடுத்த ஒரே வளவுக்குள் வீடு கட்டி இருப்பார்கள். மாப்பிள்ளைமார்தான் அங்கே வந்து சேர்வது. சாச்சியின் போன் நம்பரைத்தான் வளவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள், ஏனென்றால் பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். பாத்திமா ரிஸ்னாவும் பாத்திமா ரிப்காவும் அக்காள் தங்கை பெற்ற பிள்ளைகள். ஒரே வளவு, ஒரே நம்பர், ஒரே வருடம். சர்வீஸ் இருவரையும் ஒருவராக்கி, கடைசியாக நிரப்பிய ரிப்காவின் ‘ஒவ்வாமை இல்லை’யை வைத்துக்கொண்டது.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. வளவு, சாச்சி, வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று தொடங்கினால் என்னைப் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பயிற்சி நாளில் ஜெயந்தி அக்கா கேட்டார்: “மிஸ், ஆர்ர புள்ள எண்டு எழுத இதில இடமில்லையே?”

“இனி அது தேவையில்ல அக்கா. சிஸ்டம் பாத்துக்கொள்ளும்” என்று சொன்னது நான்தான்.

3. அறிக்கை

ரிஸ்னா பிழைத்தாள். அல்ஹம்துலில்லாஹ். அவள் வார்டில் இருக்கும்போதே எங்கள் அலுவலகத்தில் அறிக்கை தயாராகிவிட்டது. ‘வரவேற்பாளர் நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்க்கத் தவறினார்’ என்று முதல் வரியிலேயே இருந்தது. இந்த ஒரு வரியை வைத்து ஜெயந்தி அக்காவை வேலையிலிருந்து நிற்பாட்ட நிலையத்தின் மெனேஜர் தயாராக இருந்தார்.

“அவ எனக்குக் கோல் எடுத்துச் சொன்னவ. ஆள் மாறி இரிக்கி எண்டு சொன்னவ” என்றேன்.

ஆர்க்கிடெக்ட் லெப்டொப்பிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. “மிஸ், சர்வீஸ் நாம எழுதிக் குடுத்த ஸ்பெக் படி சரியாத்தான் வேலை செய்திருக்கு. ஆள் வித்தியாசம் எண்டு தெரிஞ்சா அவங்க நிப்பாட்டியிருக்க வேணும்.”

“எதால நிப்பாட்டுற? நிப்பாட்ட ஒரு பட்டனாவது வெச்சிங்களா நீங்க?”

காக்கா என்னை வெளியே கூப்பிட்டார். “புள்ள, கையெழுத்தப் போடு. இவங்களக் கோவிச்சா அடுத்த ப்ரொஜெக்ட் நமக்கு வராது. அந்தப் பொம்புளைக்கு வேற எங்கயும் வேல கிடைக்கும்.”

ஐம்பது வயதில் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரோடு அவருக்கு எங்கே வேலை கிடைக்கும்? சரியாகச் செய்த ஒரே ஆள் அவர். தன் கண்ணால் கண்டதைத் திரை மறுத்தபோது திரையை நம்பாமல் என்னைக் கூப்பிட்டவர். தப்புச் செய்த காக்காவும் ஆர்க்கிடெக்டும் நானும் குளிரூட்டிய அறையில் இருந்து அவருடைய சோற்றில் மண்ணைப் போட எழுதிக்கொண்டிருந்தோம்.

நான் கடதாசியை வாங்கி முதல் வரியை வெட்டினேன். ‘வரவேற்பாளர் தவறைக் கண்டு அறிவித்தார். அனுப்பச் சொன்னது நான். அடையாளக் கட்டத்தை நீக்கச் சம்மதித்ததும் நான். இணைக்கும் விதி எங்கள் ஊருக்குப் பொருந்தாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எப்போது எது நடந்தது என்று சர்வீஸ் தானே குறித்துவைக்கும் லொக் பதிவையும், என் போனில் அவருடைய அழைப்பு வந்த நேரத்தையும் பிரின்ட் எடுத்துப் பின்னால் பின் அடித்தேன். காக்கா அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை. அடுத்த மாதம் நான் வேறு இடம் தேடிக்கொண்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எது பொது, எது மாறும் என்று பிரிக்கும் அறையில் ஊரைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். உடைந்த ஆங்கிலத்திலாவது சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். வரவேற்பு மேசையில் இருப்பவரையும் அந்த அறைக்குள் கூட்டிவந்து இருத்துங்கள்.

4. ஸபீனா டீச்சர்

அறிக்கை போன மறுநாள் வைத்திய நிலையத்துக்குப் போனேன். வரவேற்பு மேசையில் ஜெயந்தி அக்காவே இருந்தார். ஸபீனா டீச்சர் மெனேஜரின் அறையில் இருந்தார். மெனேஜர் சிஸ்டம், அப்டேட் என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“எனக்கு அதெல்லாம் விளங்கா. ஜெயந்தி அக்காவுக்கு எங்கட ரெண்டு புள்ளையையும் பொறந்ததில இருந்து தெரியும். ரெண்டையும் ஒரு புள்ளையா ஆக்கினது ஆரு?”

மெனேஜர் என்னைப் பார்த்தார்.

“நான்தான் டீச்சர்” என்றேன். “அந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டது நான்.”

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஊர் நீங்க?”

“சாய்ந்தமருது.”

“பேர்?”

“பாத்திமா நஸ்ரின்.”

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிதானே இருந்திரிக்கி” என்றார்.