பொனற் அவனுடையது, கதவு என்னுடையது

எங்கள் காரின் கொம்பனிப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கொம்பனி எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டில் செய்து விற்ற ஓர் அண்ணனும் தம்பியும் தொடங்கியது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் காரில் ஏறிக் கலியாணத்துக்குப் போன மாப்பிள்ளைமார் எல்லோருக்கும் மிச்சக் கதை தெரியும். சொன்னவன் நான். முன் சீட்டில் இருந்து பின்பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டே போவேன். கலியாணத்தன்று மாப்பிள்ளையைப் போலப் பயந்த மனிதன் உலகத்தில் கிடையாது. உள்ளங்கை வேர்க்கும். கதை கேட்டால் வேர்வை நின்றுவிடும்.

காருக்கு முன்பு நான் காலி வீதியில் ஒரு சேலைக்கடையில் நின்றவன். படிப்பு பெரிதாக இல்லை. வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் அந்த வாயை வைத்துக்கொண்டு வெள்ளவத்தையைத் தாண்டாமலே பிழைத்தேன். கடை முதலாளி சொல்லுவார்: "நீ சேலையையா விக்கிறாய்? கதையை விக்கிறாய். சேலை அதோட சும்மா போகுது."

கடையின் வான் வண்டியைத் திருத்தக் கொண்டுபோன இடத்தில்தான் என் கூட்டாளியைச் சந்தித்தேன். கொட்டாஞ்சேனையில் சின்னக் கராஜ் வைத்திருந்த கத்தோலிக்கன். நான் பத்து வசனம் கதைத்தால் அவன் ஒரு சொல் கதைப்பான். அந்த ஒரு சொல் பெரும்பாலும் "ஓம்". அப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் நட்பு நீடிக்கும் என்று அப்போது நினைத்தேன்.

அந்தக் கார் கறுவாத்தோட்டத்தில் ஒரு சட்டத்தரணி வீட்டுப் பலா மரத்துக்குக் கீழே கிடந்தது. நாலு ரயரும் மண்ணோடு மண். கூரை மேல் பலாப்பழம் விழுந்து சிதறிக் காய்ந்திருந்தது. கூட்டாளி முன் மூடியை, எங்கள் பாஷையில் பொனற்றை, தூக்கிப் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கு மச்சான்" என்றான். நானும் ஆசையோடு எட்டிப் பார்க்கப் போனேன். என் கையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"இது என்ர பக்கம். நீ கதவைத் திற, வாயைத் திற. பொனற்றை நான் திறக்கிறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது. சீட்டுக்குத் துணி போடுவது, பூ கட்டுவது, ஆள் பிடிப்பது, கதைப்பது என் பாடு. கார் ஓடுவதும் மற்றதெல்லாமும் அவன் பாடு. அதற்குப் பிறகு நான் அந்தப் பொனற்றை ஒரு நாளும் திறந்ததில்லை. அடுத்த வீட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்ப்பது போல ஒரு கூச்சம்.

இருவரும் பாதிப் பாதி காசு போட்டு அதை வாங்கி, வெள்ளைப் பெயின்ற் அடித்து, முன்னுக்கு அந்தோனியாரையும் பிள்ளையாரையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, கலியாண ஓட்டத்துக்கு விட்டோம். எங்கள் ஆட்கள் ஆடியில் கலியாணம் வைக்கமாட்டார்கள், அவனுடைய ஆட்கள் தவக்காலத்தில் வைக்கமாட்டார்கள். "உங்கட ஆடியும் எங்கட தவக்காலமும் ஒண்டா வராதவரைக்கும் எங்களுக்குப் பட்டினி இல்லை" என்பான். அவன் வாயில் வந்த நீளமான வசனம் அதுதான். நான் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மார்கழியில் மட்டும் இரண்டு பக்கமும் கதவடைப்பு. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வரும் வரைக்கும் கார் அவன் கராஜில் படுத்திருக்கும்.

காரின் சரித்திரத்தை நான் மெல்ல மெல்லச் சேர்த்தேன். புறக்கோட்டை நடைபாதையில் பழைய ஆங்கில மகஸின்களை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு போனிலும் தேடினேன். அண்ணன்காரன் எஞ்சின் பைத்தியம். தம்பி வியாபாரி. வண்டில் செய்தவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறி, அதிலிருந்து காருக்கு வந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் அந்த நாட்டு அரசாங்கம் கார் செய்ய வேண்டாம், விமானத்துக்குப் பாகம் செய் என்றது. யுத்தம் முடிந்த கையோடு இரும்புக்குத் தட்டுப்பாடு. வெளிநாட்டுக்கு விற்கிறவனுக்குத்தான் இரும்பு என்று சட்டம். அதனால்தான் அங்கே பிறந்த கார்கள் கப்பலேறி எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கின. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். மாப்பிள்ளை கட்டாயம் துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்ப்பான்.

அதற்குப் பிறகுதான் எஞ்சின் கதை. விமான எஞ்சினில் படித்ததையெல்லாம் அண்ணன்காரன் இந்த எஞ்சினில் இறக்கினான். ஓடுகிற எஞ்சினுக்கு மேலே பொனற்றில் ஒரு காசை விளிம்பில் நிறுத்தி வைத்துக் காட்டி விற்றானாம். நானும் மண்டப வாசலில் இரண்டு ரூபாய்க் காசை நிறுத்திக் காட்டுவேன். ஆரம்பத்தில் நின்ற நாளை விட விழுந்த நாள்தான் அதிகம். றோட்டுச் சரிவு என்று சமாளிப்பேன்.

சரித்திரத்தின் கடைசிப் பகுதியை மட்டும் மாப்பிள்ளைமாருக்குச் சொன்னதில்லை. அண்ணன் நோயில் கிடந்தபோது, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி கொம்பனியை விற்றுவிட்டான். பேர் கை மாறிக் கை மாறி இன்று எங்கெங்கோ போய்விட்டது. நல்ல நாளில் சகோதரச் சண்டையை ஏன் இழுப்பது என்று விட்டுவிடுவேன்.

டொலர் இல்லாமல் அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, வாகனமோ உதிரிப்பாகமோ எதுவும் கப்பலில் வராமல் இருந்த காலத்தில், ஒரு மார்கழி முடிந்து கார் வெளியே வந்தபோது எனக்கு ஆச்சரியம். சத்தமே இல்லை. பட்டுச் சேலை மடிப்பது போல ஓடுகிறது.

"என்னடா செய்தனி?"

"ஓவரோல்" என்றான். எஞ்சினை முழுதாகக் கழற்றித் திருத்திப் பூட்டினானாம். "வயசு போகப் போகப் பொறுமை வாறதுதானே."

அன்றிலிருந்து காசு விழவேயில்லை. அதையும் கதையில் சேர்த்தேன். "பாருங்கோ தம்பி, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் காசு நிக்குது. செய்த மனுசன்ர கையும் திருத்தினவன்ர கையும் அப்பிடி." கூட்டாளி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருப்பான். அடக்கம் என்று நினைத்தேன். அவன் வேலையைத்தானே புகழ்கிறேன், கூச்சப்படுகிறான் என்று.

போன பங்குனியில் ஓர் அழைப்பு வந்தது. இதே கொம்பனியின் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள். காரையும் கொண்டு வாருங்கள், சரித்திரத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டவர் வயதான ஒரு சிங்களக் கனவான். யாரோ ஒரு கலியாணத்தில் என் கதையைக் கேட்டிருக்கிறார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. சேலைக்கடையில் நின்றவனை மைக்குக்கு முன்னால் நிற்கக் கூப்பிடுகிறார்கள்.

கூட்டாளி ஆரம்பத்திலிருந்தே இழுத்தான். பிரேக் சரியில்லை என்றான். பற்றரி போய்விட்டது என்றான். "பணக்காரருக்கு நடுவில எங்களுக்கு என்ன வேலை?" என்றும் ஒரு நாள் கேட்டான். கூட்டத்தன்று காலை போன் எடுத்துக் கேட்டால் காய்ச்சலாம். சரி, எனக்கும் கார் ஓடத் தெரியும்தானே என்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவன் மனைவிதான் காரின் திறப்பைத் தந்தாள். தந்தும் தராமலும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கட்டாயம் போகோணுமோ?"

"என்ன பிள்ளை, மைக் எல்லாம் கட்டியிருக்கிறாங்களாம்!" என்றேன்.

மைதானத்தில் கார்கள் எல்லாம் பல் வைத்தியரிடம் வந்தவர்கள் போல வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன. எங்களுடையதையும் திறக்கச் சொன்னார்கள். பொனற்றை விடுவிக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினேன், பக்கத்தில் தடவினேன். கடைசியில் அடுத்த கார்க்கார இளைஞன் ஒருவன் வந்து கையை விட்டு இழுத்தான். மூடி மேலே போனது. ஐந்தாறு பேர் குனிந்தார்கள்.

பிறகு அந்த இளைஞன்தான் சிரிப்பை அடக்க முடியாமல் சிங்களத்தில் சொன்னான்: "மச்சான், மேக்க வேன் எகக்னே." இது வான் அல்லவா.

உள்ளே ஒரு ஜப்பான் வான் எஞ்சின் இருந்தது. ஜப்பான்காரன் தன் பெயரைப் பெரிய எழுத்தில் அதன் தலையிலேயே அச்சடித்திருந்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

என்னைக் கூப்பிட்ட அந்தக் கனவான் முன்னால் வந்தார். என் தோளில் கை வைத்தார். "நடக்கிறதுதான்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லி, சத்தம் வராமல் மூடியை இறக்கினார். அவர் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். மைக்குக்கு என்னைக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டினேன். மைக்கைக் கண்டு நான் பின்வாங்கியது அன்றுதான்.

நேரே கராஜுக்குக் காரை விட்டேன். காய்ச்சல்காரன் கைலியோடு வாசலில் நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"எப்ப மாத்தினாய்?"

"அந்த மார்கழி."

"பழசு எங்க?"

"வெடிச்சிட்டுது மச்சான். நீர்கொழும்புக் கலியாணம் முடிஞ்சு, உன்னை இறக்கிப்போட்டு வரேக்க. பாகம் எங்க வாற காலம் அது? பஞ்சிகாவத்தைப் பாகக் கடையள் முழுக்க அலைஞ்சன். பிறகு தெமட்டகொடையில பழைய இரும்புக்குப் போட்டிட்டன்."

பழைய இரும்புக்கு. அண்ணன்காரனின் ஆயுள் முழுவதையும் தராசில் போட்டிருக்கிறான்.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ கதைக்கமாட்டாய். சாயம் போற சேலையெண்டா 'சாயம் போகும் அக்கா' எண்டு சொல்லி வித்த ஆள் நீ. நீ கதைக்காட்டி எங்களை ஆர் கூப்பிடுறது? கொழும்பில வேற வெள்ளைக் கார் இல்லையோ?"

"அப்ப என்னைக் கொண்டு பொய் சொல்லுவிச்சிருக்கிறாய்."

"நீ சொன்னது பொய் இல்லை. நீ நம்பித்தானே சொன்னனி? பொய்ப் பாவம் எனக்குத்தான். நான் அதை எங்கட கோயில் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டன்."

"சுவாமிக்குத் தெரியுமா?"

"ஓம்."

"உன்ர மனிசிக்கு?"

"ஓம்."

"இந்த ஒழுங்கையில இருக்கிற சனத்துக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோயில் சுவாமியாரிலிருந்து ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடை வரைக்கும் தெரிந்த விஷயம். நான் காசை நிறுத்திக் காட்டும்போது சுற்றி நின்று கை தட்டியவர்களில் எத்தனை பேர் எதற்குத் தட்டினார்கள் என்று அன்று யோசித்தேன். எஞ்சின் மாற்றியதை நான் மன்னித்திருப்பேன். செத்ததற்குப் பதில் இன்னொன்று வைத்தான், அது வேலை. ஆனால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் என் பக்கத்தில் இருந்து அந்தக் கதையை முழுதாகக் கேட்டானே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "விடு மச்சான், அந்தப் பகுதியை விடு" என்று சொல்லியிருக்கலாம்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். சோத்தைப் போட்டவனுக்கே தெரியாமல் மறைச்சவனை இப்பதான் பாக்கிறன். இனி அந்தக் காரில ஏறாதேங்கோ."

ஏறாமல் விட முடியவில்லை. அடுத்த கிழமை வெள்ளவத்தையில் ஒரு மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மெல்பேர்னில் இருந்து வந்த பிள்ளை. ஏறியவுடனேயே கேட்டான்: "அங்கிள், இந்தக் காருக்கு ஒரு ஹிஸ்டரி இருக்காமே? அம்மா சொன்னவ."

கூட்டாளி என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பி இருந்து உள்ளதைச் சொன்னேன். "தம்பி, வெளி மட்டும்தான் அந்தக் கார். உள்ளுக்கு இருக்கிறது ஜப்பான் வான்ர எஞ்சின். உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டா இப்பவே வேற கார் பிடிச்சுத் தாறன்."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தான். "ஏசி வேலை செய்யுமோ அங்கிள்?"

"செய்யும்."

"பிறகென்ன? வேட்டியோட வேர்க்குது, கூட்டி விடுங்கோ."

மாப்பிள்ளைத் தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். ஏசியைக் கூட்டிய கூட்டாளியின் வாயோரத்திலும் ஒரு சிரிப்பு ஓடியதைக் கண்டேன். கதவைத் திறந்து மாப்பிள்ளையைக் கோயில் வாசலில் இறக்கும்வரை பொறுத்தேன்.

மேளச் சத்தம் உள்ளே போன பிறகு அவன் சொன்னான்: "பாத்தியா? ஒருத்தருக்கும் கவலையில்லை. நீதான் பெரிசாக்கிறாய்."

"எனக்குக் கவலை இருந்ததே மச்சான்," என்றேன். "நான் ஒருத்தன் போதாதா?"

அவன் பதில் சொல்லவில்லை. கதைக்காத மனுசன் என்று இத்தனை காலம் நான் பெருமையாகச் சொல்லி வந்த மௌனம்தான் அது.

நம்ப நட, நம்பி நடவாதே என்று கடை முதலாளி அடிக்கடி சொல்லுவார். முதல் பாதியை மட்டும்தான் நான் காதில் வாங்கியிருக்கிறேன் போல.

ஆவணிக்கும் கலியாணங்கள் பிடித்தாயிற்று. வாக்குக் கொடுத்தது நான், அதனால் போகிறேன். பூ கட்டுகிறேன், கதவு திறக்கிறேன், முன் சீட்டில் றோட்டைப் பார்த்தபடி இருக்கிறேன். யாராவது காரின் சரித்திரம் கேட்டால், "டிரைவரிட்டக் கேளுங்கோ" என்கிறேன். என்னைவிட அவனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவன் சொல்வதில்லை. றேடியோவைப் போட்டுவிடுகிறான்.