கதிரைக்கு ஒரு யானை

அம்மா பின்னிய யானைக்கு முதலில் முன்னாலும் பின்னாலும் தும்பிக்கை வந்தது. சஞ்சிகையில் இருந்த, கட்டம் கட்டமாக நிறம் காட்டும் மாதிரிப் படத்தை, புத்தகம் வாசிப்பதுபோல, ஒவ்வொரு வரியையும் இடப்பக்கமிருந்தே அம்மா வாசித்திருந்தார். குரோஷே என்கிற கொக்கி ஊசிப் பின்னலில் ஒரு வரி முடிந்ததும் வேலையைத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். படத்தையும் அப்படித்தான் ஒரு வரி வலமிருந்தும் மறு வரி இடமிருந்தும் பார்க்கவேண்டும். அது தெரியாமல் பின்னியதில் சாம்பல் நிறம் இரண்டு கரையிலும் சீப்புப் பல்லுப்போல நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நூலைப் பிடித்து இழுத்தார். பல நாள் வேலை சரசரவென்று கழன்று மடியில் விழுந்தது. இங்கே ஒன்றை அவிழ்த்தால் வேறெங்கோ ஏதோ அவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிற பிள்ளை நான். இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

இது மெல்பேர்ணில், எழுபதுகளின் நடுவில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான மாமி. மாமி பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தார், வீட்டில் ஆட்சி செய்தார். எனக்கு ஏழு வயது. அம்மாவின் வயிற்றில் தம்பியோ தங்கச்சியோ இருந்தது. எனக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்பதைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். தாழ்த்திப் பேசுவதெல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கும்.

அதனால் இந்த முறை மாமி எதற்கும் இடம் கொடுக்கவில்லை. பிள்ளை பிறந்து கையில் கிடக்கும்வரை அதற்கென்று ஒரு துணி வாங்கக்கூடாது, ஒரு சாமான் சேர்க்கக்கூடாது. ஊரில் எல்லோரும் பார்க்கிற வழக்கம்தான். ஆனால் அதை இங்கே விளங்கப்படுத்த எங்களிடம் இருந்த ஆங்கிலம் போதவில்லை. கீழ்வீட்டு அன்ரி, வெள்ளைக்காரி, தன் கையால் பின்னிய குட்டிச் சட்டையும் காலுறையும் கொண்டுவந்து வாசலில் நீட்டினார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமி சிரித்தபடி பொட்டலத்தை வாங்கி, அதே சிரிப்போடு திருப்பிக் கொடுத்தார்.

“பேபி கம். தென் கிவ்,” என்றார்.

அன்ரியின் கழுத்தெல்லாம் சிவந்துபோனது. தன் கைவேலை எங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருப்பார். அதற்குப் பிறகு படியில் கண்டால் குளிரைப் பற்றி மட்டும் பேசினார்.

அம்மா நூல்கடைக்குப் போய் மஞ்சளும் சாம்பலுமாகக் கம்பளி நூலும் அந்தச் சஞ்சிகையும் வாங்கிவந்தது அதற்குப் பிறகுதான். அப்பா சாய்ந்து உட்காரும் கதிரைக்குக் குஷன் உறை பின்னப்போகிறேன் என்றார். மஞ்சளில் ஒரு சாம்பல் யானை. மாமி வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே அம்மாவின் மடியைப் பார்த்தார்.

“ஆருக்கு இது?”

“கதிரைக்கு, மச்சாள்.”

“கதிரைக்கு என்னத்துக்கு யானை?”

“உங்கட தம்பி சாயிறதுக்கு. அவரை வேற எது தாங்கும்?”

அப்பா பருத்த மனிதர். மாமியே சிரித்துவிட்டார். கதிரைக்குப் பின்னுவதை எந்த வழக்கமும் தடுக்கவில்லை.

இரண்டாம் முறை யானை சரியாக வந்தது. முதலில் கால்கள், பிறகு வயிறு, பிறகு தும்பிக்கை. நிறம் மாறுகிற இடத்தில் அம்மா மற்ற நூலை வெட்டமாட்டார். அதை அடுத்த தையல்களுக்குள்ளேயே மறைத்துக் கொண்டுபோவார். யன்னலுக்கு நேரே பிடித்தால் மஞ்சளுக்குள் சாம்பல் ஒரு நிழல்போல ஓடுவது தெரியும். எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். முதலில் முடியட்டும் என்றார். சில வேளைகளில் பின்னுவதை நிறுத்திவிட்டு அந்தத் துண்டைத் தன் வயிற்றின்மேல் விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அளவு பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்பாவின் கதிரைக்கு வயிற்றில் எப்படி அளவு பார்ப்பது என்று எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் மாமிக்குக் கேட்டுவிடும் என்று ஏனோ பயம்.

முன்பக்கம் முடிகிற தறுவாயில், ஒரு மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை பிறக்கிற மாதம் இன்னும் ஆகவில்லை. அப்பா காரில் கொண்டுபோனார். மறுநாள் காலை மாமி வேலைக்குப் போகிறபோது நல்ல சேதி வரும் என்று திருநீறு பூசிக்கொண்டு போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அப்பா தனியாக வந்தார். சவரம் செய்யாத முகம்.

தம்பியா தங்கச்சியா என்று கேட்டேன்.

“தங்கச்சி,” என்றார். பிறகு, “ஆனா இல்லை, பிள்ளை. பிறக்கேக்கயே உயிர் இல்லை,” என்றார்.

என் பக்கத்தில் முழங்காலை ஊன்றி இருந்து சொன்னார். அவர் எழும்புவதற்குக் கதவைப் பிடிக்கவேண்டியிருந்தது. பிறகு யானை எங்கே என்று கேட்டார். அம்மா கேட்டாவாம். அலுமாரிக்குள் தலையணை உறையில் சுற்றி வைத்திருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஊசி இன்னும் கடைசிக் கண்ணியில் தொங்கியது, நூல் பந்தும் கூடவே வந்தது.

“அது இன்னும் முடியேல்லை, அப்பா.”

“தங்கச்சிக்கு இவ்வளவும் காணும்.”

ஊசியை உருவிவிட்டு மரக்கறிக் கத்தியால் நூலை அறுத்தார். கழன்று போகும் என்று நான் அழத்தொடங்கினேன். அவர் பார்சல் கட்டுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னொன்றும் போட்டு, என்னிடம் இழுத்துப் பார்க்கக் கொடுத்தார். பலமாகத்தான் இருந்தது.

என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லாததால் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு வழி, அதன் முடிவில் ஆடுகிற இரட்டைக் கதவு. அங்கே ஒரு தாதி வந்தார். அப்பா ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கோபமாக அல்ல, இரக்கமாகத்தான். அந்தக் காலத்தில் அப்படிப் பிறந்த பிள்ளைகளைத் தாய்க்கும் காட்டமாட்டார்கள், தாங்களே கொண்டுபோய் அடக்கிவிடுவார்கள் என்று பிற்காலத்தில் அறிந்தேன். அப்பா யானை இருந்த கடதாசிப் பையை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு இரண்டு தரம் ஆடி நின்றது. அப்பா அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்தார். தள்ளவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பினார்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது மிச்ச நூலும் சஞ்சிகையும் இல்லை. மாமி குப்பையில் போட்டிருந்தார். “கதிரைக்கெண்டுதானே சொன்னவ,” என்று குசினிக்குள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் மாமி கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, அம்மா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அவர் குவளையோடு உள்ளே போனதும் அம்மா கேட்டார்:

“பிள்ளையைப் போர்த்தினவையோ?”

“ஓம்,” என்றார் அப்பா. “உள்ளுக்கு விட்டவை. நான்தான் போர்த்தினனான்.”

“கால் மூடிச்சுதோ?”

“மூடிச்சுது. வடிவா மூடிச்சுது.”

“யானை?”

“நெஞ்சில.”

அம்மா யோசித்தார். பிறகு, முகம் எப்படி என்று கேட்டார்.

“உன்ர முகம்,” என்றார் அப்பா.

நான் தரையில் இருந்தேன். அப்பா உள்ளே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பொய் சொன்னால் அடி விழுகிற வீடு எங்களுடையது, அடிப்பவரும் அவர்தான். வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைக் கெஞ்சிப் பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். கொடுத்த வேலையைச் செய்யாமல் வந்ததற்கு அம்மா ஏசுவார் என்று பயப்படுகிறார், பாவம் என்று நினைத்தேன்.

அம்மா ஏசவில்லை. அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பார், பொய் பிடிபடும் என்று நான் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பயந்துகொண்டு திரிந்தேன். கடைசியில், அப்பா தப்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.