எட்டாயிரம் வெள்ளி என்று சொன்ன இன்ஜின்

பெவர்லிக்கு நாற்பத்திரண்டு வயது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் மின்சில்லு செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறாள். கணவர் நாதன் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயில் பாடற்குழுவை நடத்துகிறவர். கெலுகோரில் அவர்கள் வீட்டு வாசலில் ஆரஞ்சு நிற மஸ்டா 808 ஒன்று நின்றது. 1974ஆம் வருடத்து வண்டி. பெவர்லி ஆசைப்பட்டு வாங்கியது. ஒருநாள் பினாங்குப் பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, அதன் இன்ஜின் புகையைக் கக்கிவிட்டு உயிரை விட்டது.

அதே இன்ஜினைப் பழுது பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் ஜப்பானில் இதே உடம்புக்குள் ரோட்டரி இன்ஜினும் வைத்து விற்றார்கள் என்பது பெவர்லிக்குத் தெரியும். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் அதில் கிடையாது; முக்கோணமாக இரண்டு ரோட்டர்கள் உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் நாதன்.

"மிஞ்சிப் போனா எட்டாயிரம் வெள்ளி."

அவள் பொய் சொல்லவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் அந்த விலைக்குள் கிடைக்கும். அவற்றை அந்தப் பழைய வண்டிக்குள் உட்கார வைக்க என்ன ஆகும் என்றுதான் அவள் யோசிக்கவில்லை.

கெலுகோரிலேயே பட்டறை வைத்திருக்கும் சாஹித்திடம் போனாள். அவன் வண்டியைச் சுற்றி வந்தான். "டர்போ வச்சது வாங்குவோமாக்கா? பறக்கும்."

"வேணாம்லா. டர்போன்னா சூடு, குழாய், இன்னும் ரெண்டு பங்கு செலவு. காத்தை அது தானா இழுத்துக்கட்டும்."

இருவரும் பாலம் தாண்டி, ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து விற்கும் ஒரு கிடங்குக்குப் போனார்கள். கிடங்கு முதலாளியான தௌகே ஒரு இன்ஜினைத் தட்டிக் காட்டி, "பாகுஸ் லா!" என்று கட்டைவிரலை உயர்த்தினார். பெவர்லி பையிலிருந்து மடிக்கணினியையும் தானே செய்த ஒரு கருவியையும் எடுத்தாள். சாதாரண அழுத்தமானியை வைத்தால் ரோட்டரின் மூன்று பக்கங்களில் எது நன்றாக இருக்கிறதோ அதை மட்டும்தான் காட்டும். அவளுடைய கருவி மூன்றையும் தனித்தனியாகத் திரையில் வரையும்.

ஸ்டார்ட்டரைச் சுற்றினார்கள். திரையில் இரண்டு மேடுகள் உயரமாக எழுந்தன. மூன்றாவது பாதியில் படுத்துக்கொண்டது.

"ஒரு கால் நொண்டி" என்றாள் பெவர்லி.

தௌகேயின் முகம் சுருங்கியது. இரண்டாவது இன்ஜினிலும் நொண்டிதான். மூன்றாவதில் இரண்டு ரோட்டர்களின் ஆறு மேடுகளும் அளவெடுத்தாற்போல் வரிசையாக எழுந்தன. அதற்குள் தௌகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கிடங்கிலிருந்த மற்ற நான்கையும் சோதித்துத் தரச் சொன்னார். அதற்குக் கூலியாக வயர் கட்டையும் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரையும் சும்மா கொடுத்து, விலையிலும் எண்ணூறு குறைத்தார். ஆறாயிரத்து எழுநூறு வெள்ளிக்கு எல்லாம் முடிந்தது. வரும் வழியெல்லாம் பெவர்லி பாடிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகுதான் செலவு வர ஆரம்பித்தது. இன்ஜினைத் தாங்கப் புதிதாக இரும்புச் சட்டம் அடிக்க வேண்டியிருந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும். பழைய ரேடியேட்டர் இந்தச் சூட்டுக்கு ஒரு மூலைக்கும் காணாது. சும்மா வந்த கம்ப்யூட்டரோ தன் பழைய காரின் சாவி இல்லாமல் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது, வேறு வாங்கினார்கள். ஒரு வாரம் கழித்து சாஹித் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பிரேக்கையும் மாத்திருவோம். இந்த வேகத்துக்குப் பழைய பிரேக் பத்தாது. நான் ராத்திரி தூங்கணும்ல."

அவன் சொன்னது நியாயம். அது மட்டும் மூவாயிரத்து எண்ணூறு. ஓவர்டைம் பணம் முழுவதும் போய், பெவர்லி தன் சேமிப்பில் கை வைத்தாள். வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குத் தாங்கவில்லை.

"நாதன், எட்டாயிரம்னு சொன்னேன்ல?"

"ம்."

"இருபத்தி நாலு ஆயிருச்சு. இன்னும் முடியல."

நாதன் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார். "இப்பவே நிறுத்திட்டா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?"

"ஆறு, ஏழு கிடைக்கலாம்."

"அப்ப முடிச்சிரு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காசு ஒன்னோடது பெவ், அதுக்கில்ல. நாலு மாசமா தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்க. பக்கத்துலயே படுத்திருக்கேன், எனக்குத் தெரியல. அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

பெவர்லிக்குக் கண் கலங்கியது. கடைக்காரர் குழம்பு காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஜினை மாற்றியதற்கு அனுமதி வாங்கப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம், படிவங்கள், பரிசோதனை என்று இன்னும் ஆறு வாரம் ஓடின. முதல் பரிசோதனையில் சத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சாஹித் இன்னொரு சைலன்சரைப் பொருத்தினான். இரண்டாம் முறை தேறியது. அன்றைக்கு மொத்தம் இருபத்தேழாயிரத்து எண்ணூற்றைம்பது வெள்ளி.

அந்த ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அந்த வண்டியில்தான் போனார்கள். பாலத்தில் ஏறுமுன் நாதன், "கொஞ்ச தூரம் நான் ஓட்டவா?" என்றார். வண்டி அதிராமல், தேனீக் கூட்டம் போல ரீங்கரித்துக்கொண்டு ஏறியது. இரண்டாவது கியரிலேயே அவர் மிதித்துக்கொண்டு போக, திடீரென்று 'பீப்' என்று ஒரு சத்தம்.

"அலாமாக்! என்னமோ ஒடைச்சிட்டேன்!"

"ஒன்னும் ஒடையல" என்று பெவர்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கியர மாத்துன்னு சொல்லுது. ரோட்டரிக்கு எவ்வளவு சுத்துனாலும் குலுங்காது, நமக்கே தெரியாம மேல போயிரும். அதான் மணி வச்சிருக்கு."

கோயிலுக்குப் போகும் திருப்பம் வந்தது. நாதன் திரும்பவில்லை. நேரே நெடுஞ்சாலையில் தெற்கே விட்டவர், நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்த பிறகுதான் வண்டியைத் திருப்பினார். வழியில் பெட்ரோல் போட நின்றபோது மீட்டரைப் பார்த்து வாயைப் பிளந்தார். "இது பெட்ரோல குடிக்கலலா, குளிக்குது!"

பூசைக்கு அரை மணி நேரம் தாமதம்.

பெவர்லி இப்போது வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறாள். மஸ்டா வார இறுதிக்கு மட்டும். ரோட்டரி கொஞ்சம் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் என்பதால், சனிக்கிழமை காலை நாதன்தான் அளவுக்கோலை உருவி எண்ணெய் பார்க்கிறார். கிடங்குத் தௌகே மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார். புதிதாக வந்த ரோட்டரிகளைச் சோதித்துக் கொடுத்தால் ஒன்றுக்கு நூற்றைம்பது வெள்ளி. போன வாரம் ஐந்து வந்திருந்தன. பெவர்லி திரையைப் பார்க்க, நாதன் ஸ்டார்ட்டரைச் சுற்றினார். மூன்று தேறின.