மூன்று சைஸில் ராயபுரம் ஸ்டேஷன்

"கொஞ்சம் குனிஞ்சி பாரு சார், அதோ தூணு. அப்டியே எண்ணிக்கினே வா" என்று சொல்லிவிட்டு நீலமேகம் கியரை மாற்றுகிறார். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துத் தொண்டை கட்டிப்போய் நிற்கிறது. ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களை எண்ணி முடிக்கும்வரை ஆட்டோ உருளுமே தவிர ஓடாது.

நீலமேகம் பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீடு வியாசர்பாடி. மற்ற ஆட்டோக்களில் சாமி படம் ஒட்டியிருக்கும் இடத்தில் இவர் ராயபுரம் ரயில் நிலையத்தின் போட்டோவை ஒட்டியிருக்கிறார். ஸ்டேஷன் நெருங்கும்போது யாராவது செல்போனை நோண்டினால் பொறுக்காது. "போனை கீய வை நைனா. அது உன்னியே பாத்துகினு கீது" என்பார்.

ஸ்டேஷனின் வரலாறு அவரிடம் மூன்று சைஸில் கிடைக்கும். சாலை காலியாக இருந்தால் சின்னது: "ஆயிரத்து எட்நூத்தி அம்பத்தாறு. ரயிலு வுட்டாங்க." சிக்னல் விழுந்தால் நடுத்தரம். அதில் கவர்னர் வருவார், வாலாஜா வரைக்கும் வண்டி போகும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துவிட்டால் பெரிய சைஸ். அதில் கவர்னர் ரயிலில் தூங்கிவிடுவார், அவர் சம்சாரம் எழுப்புவார், எல்லோரும் இறங்கி பிரியாணி சாப்பிடுவார்கள். பிரியாணிக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் பசி நேரத்தில் யாரும் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றுக்கும் முதல் வரி ஒன்றுதான். "இந்தியாவுலயே மொதோ ஸ்டேஷன் இதான். பம்பாய், கல்கத்தாலாம் அப்பால வந்தவன்."

அது தப்பு. மும்பையில் மூன்று வருடம் முன்பே ரயில் ஓடிவிட்டது. எனக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக அதே ஆட்டோவில் போகிறேன், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அத்தனை குஷியாகச் சொல்பவரின் வாயை எப்படி அடைப்பது? என் சோம்பேறித்தனத்துக்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் காக்கிச் சட்டையை இன் செய்திருந்தார். தலையில் எண்ணெய் வேறு.

"இன்னிக்கு பாப்பாவுக்கு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி சார், பதினோரு மணிக்கு. நம்ம ஸ்டேஷனப் பத்திதான் பேசுது. மொத லைனு நான் சொல்லிக் குட்தது."

பாப்பா என்பது மகிழினி. தண்டையார்பேட்டையில் ஒன்பதாவது படிக்கிறாள். முதல் வரி எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மணி பத்தரை. ஸ்டேஷன் வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"மெய்யாலுமா?"

"ஆமாம்."

"உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

"பேஜார் பண்ட்டியே சார். நான் இங்க சொன்னது போவட்டும். அது மேடையில நின்னுகினு சொல்லும். வாத்தியாருங்கல்லாம் சிரிப்பாங்களே."

அன்றைக்கு ஸ்டேஷன் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. கை காட்டியவர்களையும் ஏற்றவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் நின்ற ஆளை விட்டுவிட்டுப் போவதை அன்றுதான் பார்த்தேன். மண்ணடியில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்த கோவிந்தம்மா, "என் ஸ்டாப்பிங் பூட்ச்சி நைனா" என்று அவர் முதுகில் தட்டினார். "குந்து யக்கா. பாப்பா ஸ்கூலுக்குப் போய்ட்டு, திரும்பி வந்து வுட்றேன்." வழியில் லாரிகள் வேறு மறித்து நின்றன. பெரிய சைஸுக்கான நேரம் முழுக்க அவர் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் விடவில்லை. "நடந்துகினு கீதுப்பா. முடிஞ்சப்பால வா." உள்ளே மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தெருக்கோடிவரை கேட்கும். மகிழினியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இந்தியாவிலேயே முதல் ரயில் நிலையம் நமது ராயபுரம்..."

நீலமேகம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

"...என்று எங்கள் அப்பா தினமும் ஆட்டோவில் சொல்வார். அது தவறு. மும்பையும் ஹவுராவும் முந்திக்கொண்டன. ஆனால் அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. நம்முடையது நிற்கிறது. இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், நாளைக்கு அவர் ஆட்டோவில் என்ன பேசுவார் என்று கவலையாக இருக்கிறது."

உள்ளே சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. மகிழினி பேச்சைத் தொடர்ந்தாள். கோவிந்தம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, பாப்பா உன்னியப் பத்தியா சொல்து?"

நீலமேகம் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.