மஞ்சள் வண்டிக்கு மெஹர் நிஷா சொன்ன சிபாரிசு

வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடை இருக்கிறது. அதை மெஹர் நிஷா நடத்த ஆரம்பித்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன்பு அவள் கணவர் அப்துல் சமது வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்துக் கடை திறக்க வந்தவர், ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாள்களை மெஹர் நிஷா முடித்ததும், கடையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவளுடைய அண்ணன் ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுவாரமே போய்க் கடையைத் திறந்துவிட்டாள்.

முதல் வருடம் பட்ட பாடு சொல்லி முடியாது. விவசாயிகள் பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கையை வளைத்தும் விரலை மடக்கியும் காட்டுவார்கள். "இந்தா, இப்புடி இருக்கும் பாயம்மா, கியர் பாக்ஸுக்குள்ள." அவளுக்கு ஒன்றும் விளங்காது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் வந்தாலும் "பழசக் கழட்டி எடுத்தாங்க" என்பாள். பழசும் புதுசும் கைக்கு வந்து வந்து, மூன்றாம் வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எந்த வண்டியுடையது என்று சொல்லிவிடுவாள்.

பாகம் வாங்க வருகிறவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள். புது டிராக்டர் வாங்க எல்லோராலும் முடியாது. மூன்று காணி, நான்கு காணி வைத்திருப்பவர்கள் பதினைந்து வருடத்து வண்டி, இருபது வருடத்து வண்டி என்றுதான் தேடுவார்கள். "பழசுல எந்த வண்டி ஒழுங்கா உழைக்கும்?" இந்தக் கேள்வி விழுந்தால் போதும், கடையில் நிற்கிற நாலு பேரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் பழைய மாஸி 1035 போல வராது என்பார். இன்னொருவர் மஹிந்திரா 575-ஐத் தன் மாப்பிள்ளையைப் புகழ்வதுபோலப் புகழ்வார். மூலையில் நிற்கும் பெரியவர் ஃபோர்டு வண்டியின் காலத்தை ஆரம்பிப்பார். மெஹர் நிஷா பேசமாட்டாள். ஆனால் அவளுக்கென்று ஒரு கணக்கு மனதுக்குள் இருந்தது. வண்டி கெட்டுப்போனால்தானே கடைக்கு வருவார்கள்? அப்படியானால் எந்த வண்டிக்காரர் கடைக்கே வருவதில்லையோ அந்த வண்டிதான் நல்ல வண்டி. இந்த நாலு பேருக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றியதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அவள் கணக்கில் முதலில் நின்றது ஒரு மஞ்சள் வண்டி. அதைச் செய்த வடநாட்டுக் கம்பெனி மூடி இருபத்தைந்து வருடமாகிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மஞ்ச வண்டி என்றால்தான் தெரியும். அதற்கென்று சமது வாங்கி வைத்த பெட்டிகள் மேல் தட்டில் அப்படியே இருந்தன. ஆறு வருடத்தில் அவள் விற்றது ஒரே ஒரு ஃபில்டர்.

மூன்று வருடத்துக்கு முன்பு, சித்திரை வெயிலில், கரியமாணிக்கத்திலிருந்து செல்வகுமாரி என்பவள் கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போக, மூன்று காணி நெல்லையும் ஒரு காணிக் கரும்பையும் அவளே பார்க்கிறாள். அண்ணன் வண்டியில் டிராக்டர் ஓட்டவும் பழகியிருந்தாள். ஒவ்வொரு நடவுக்கும் வாடகை வண்டிக்காரன் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுவது அவளுக்கு அலுத்துவிட்டது.

"காட்டேரிக்குப்பத்துல மஞ்ச வண்டி ஒண்ணு விலைக்கு வந்திருக்குதுக்கா. வாங்கலாமா? ஆம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

அப்படி அவளிடம் நேராக யாரும் கேட்டதில்லை. மெஹர் நிஷாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த வண்டிக்காரங்க யாரும் எங் கடைப் பக்கம் வர்றதே இல்லமா. ஆறு வருஷத்துல ஒரு ஃபில்டர் வித்திருப்பேன். கெட்டுப்போனா வராம இருப்பாங்களா? தைரியமா வாங்கு."

செல்வகுமாரி வாங்கினாள். வைகாசி, ஆனியில் புழுதி உழவு ஓட்டினாள். வண்டி குறை சொல்லாமல் ஓடியது. ஆவணியில் சம்பா நடவுக்குச் சேறு கலக்கிச் சேடை ஓட்ட, இரும்புக் கூண்டு போன்ற கேஜ் வீலை மாட்டி வயல் சேற்றில் இறக்கினாள். நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

"அக்கா, கியர் ஆயிலு பால் மாதிரி வெளுத்துப் போச்சுக்கா. பிரிட்டோ வந்து பாத்துட்டு, வண்டிய இனிமே ஒரு அடி ஓட்டாதன்னு சொல்லிட்டாரு."

பிரிட்டோ பாகூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பின் அச்சில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள். உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே போகாமலும், வெளியே இருக்கிற சேற்றுத் தண்ணீர் உள்ளே வராமலும் அதுதான் காக்கும். அது தேய்ந்துபோய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அப்படியே ஓட்டினால் பல்சக்கரம் எல்லாம் போய்விடும்.

மெஹர் நிஷா ஏணி போட்டு மேல் தட்டில் தேடினாள். ஒரு பெட்டியில் அதே சீல் இரண்டு இருந்தது. ஏதோ ஜெயித்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தானே கரியமாணிக்கம் போனாள். பிரிட்டோ மாட்டினான். வரப்பில் நின்று, வண்டி மறுபடி சேற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஆயில் மறுபடியும் வெளுத்தது. மெஹர் நிஷா திரும்பவும் வயலுக்கு ஓடினாள். பிரிட்டோ சீலைக் கழற்றி அவள் கையில் வைத்தான். பிஸ்கட்டைப்போல உடைந்து வந்தது.

"ரப்பரு செத்துப் போச்சுக்கா. இது எத்தினி வருஷமா உங்க கடையில கெடக்குதோ!"

செல்வகுமாரி கத்தவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் நாற்றங்காலைக் காட்டினாள். "நாத்து முத்திக்கினே போவுதுக்கா. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்." அவ்வளவுதான் சொன்னாள். அது மெஹர் நிஷாவுக்கு அடித்ததைவிட அதிகமாக வலித்தது.

அன்று முழுக்கப் போன் போட்டாள். கடலூரில் இல்லை, பண்ருட்டியில் இல்லை, சென்னையில் இல்லை. கடைசியாக விழுப்புரத்தில் அரங்கநாதன் என்ற பழைய வியாபாரியைப் பிடித்தாள். சமதுவுக்கு அவரைத் தெரியும். அவர் வண்டி பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அந்த வண்டியாம்மா? அது ஓடுனப்ப நானும் பார்ட்டு வெச்சிருந்தேன். பார்ட்டு வர்றது நின்னுச்சு, வண்டியெல்லாம் பழைய இரும்புன்னு பேரீச்சம்பழத்துக்குப் போயிடுச்சு. இப்ப இந்தச் சுத்துவட்டாரத்துல ரெண்டோ மூணோ இருந்தா அதிகம்."

மெஹர் நிஷா போனை வைத்தாள். வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. மஞ்ச வண்டிக்காரர்கள் கடைக்கு வராதது வண்டி கெட்டுப்போகாததால் அல்ல. வண்டியே இல்லாததால். இத்தனை வருடம் கவுன்டரில் நின்று கடைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்தாள், வராதவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு பெரிய உண்மை தெரிந்துவிட்டதாக நினைத்து, ஒரு பெண்ணின் நடவைக் கெடுத்துவிட்டோம் என்று கூனிக் குறுகிப் போனாள்.

ஆனால் உட்கார்ந்து அழுகிற குணம் அவளுக்கு இல்லை. அச்சுக் கம்பியின் அளவு சரியாக இருந்தால் எந்த வண்டியின் சீலாக இருந்தாலும் பரவாயில்லை, வெளிச்சுற்றை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிரிட்டோ சொன்னான். தண்ணீர் புகாமல் காக்கிற சீல் வேறு யாருக்கெல்லாம் வேண்டும் என்று யோசித்தாள். நல்லவாட்டு மணவாளன் நினைவுக்கு வந்தார். படகு வைத்திருப்பவர், டீசல் ஃபில்டர் வாங்க அவள் கடைக்கு வருவார். மறுநாள் விடிந்ததும் உடைந்த சீலைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு நல்லவாடு போனாள். மணவாளன் வலையை உதறிக்கொண்டிருந்தார். வளையத்தை வாங்கிப் பார்த்தார்.

"உள் அளவு எங்க படகு ஷாஃப்ட்டுக்குப் போடுறது மாதிரியேதான் இருக்குது. ஆனா எங்களுது வெளிய சின்னதா இருக்கும் பாயம்மா. இத்த வெச்சிக்கினு டிராக்டருக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

அவர் தன்னிடம் மாற்றுக்கு வைத்திருந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். பிரிட்டோ லேத்தில் ஒரு இரும்பு வளையம் கடைந்து, அதற்குள் படகு சீலை அழுத்திப் பொருத்தினான். பழைய ஆயிலை வடித்து, டீசல் ஊற்றிக் கழுவிப் புது ஆயில் விட்டார்கள். வண்டி சேற்றில் இறங்கி ஒரு முழு நாள் ஓடியது. மறுநாளும் ஆயில் வெளுக்கவில்லை.

ஆனாலும் காலம் போனது போனதுதான். அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் வண்டியைக் கேட்டு இரண்டு காணி ஓட்டி முடித்திருந்தாள் செல்வகுமாரி. நடவு பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. முத்தின நாற்று சரியாகத் தூர் கட்டவில்லை. அறுவடையில் நெல் குறைந்ததில் அது தெரிந்தது.

அந்த நடவு முடிந்த கையோடு மெஹர் நிஷா ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். கடைக்கு வெள்ளிக்கிழமை அரை நாள் விடுமுறை. அந்த நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெட்டப்பாக்கம், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று ஊர் ஊராகப் போனாள். இன்னும் வயலில் இறங்குகிற பழைய வண்டி எதெது, யாருடையது, எத்தனை வருடம் என்று நின்று விசாரித்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு வண்டியைக் காட்டினார்கள். தன் கடையில் எந்த வண்டிகளுக்கு அதிகமாகப் பாகம் விற்றாளோ, பெரும்பாலும் அந்த வண்டிகள்தான் வயலிலும் ஓடிக்கொண்டிருந்தன. பாகம் கிடைத்ததால் சரிசெய்தார்கள், சரிசெய்ததால் ஓடின, ஓடியதால் பாகம் கேட்டு வந்தார்கள். பாகூரில் தங்கவேல் என்பவர் முப்பத்தொரு வருடத்து வண்டியில் அன்றும் சேடை ஓட்டினார். சாயங்காலம் கரையேறியதும் அச்சில் ஒட்டிய சேற்றைக் கழுவாமல் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். அதே ஊரில், அதே கம்பெனியின் அதே மாடல், பாதி வயசுகூட ஆகாதது, கேட்பாரற்றுப் புதரில் கிடந்தது. வண்டி பாதி, வைத்திருப்பவன் பாதி என்று அவளுக்குப் பட்டது. இதையும் முழு உண்மை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதத்தில் செல்வகுமாரி கடைக்கு வந்தாள். மஞ்ச வண்டியைச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் தண்ணீர் டேங்கர் இழுக்கக் கேட்டு வாங்கிப் போயிருந்தார். மேட்டில் ஓட அதற்கு ஒரு குறையும் இல்லை.

"பாகூர்ல ஒரு பழைய மாஸி இருக்குதாம். கூட வர்றீங்களாக்கா?"

மெஹர் நிஷா கையிலிருந்த பில் புத்தகத்தை மூடினாள். "எங்கூடவா?" என்றாள்.

"பின்ன, யாரு கூட?"

பிரிட்டோவையும் அழைத்துக்கொண்டு மூவருமாகப் போனார்கள். செல்வகுமாரி வண்டிக்காரரிடம் விலை பேசுவதற்கு முன்பே கீழே குனிந்து, ஆயில் மூடியைத் தானே திறந்து, எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தாள். கடைசியாகச் சேடை ஓட்டியது யார், எந்த மாதம் என்று கேட்டாள். ஓட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து திரும்பினாள்.

"இன்னா சொல்றீங்கக்கா?"

"இது நல்ல வண்டின்னு நான் சொல்லமாட்டேன் செல்வி. இதுக்குப் பார்ட்டு எங்கிட்ட இருக்குது, போன மாசம் வந்தது. அதத்தான் என்னால சொல்ல முடியும்."

செல்வகுமாரி அந்த வண்டியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்குவதென்று அவளாகவே முடிவு செய்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு சம்பா முடிந்துவிட்டது. ஒரு தடவை தேய்ந்த கிளட்ச் பிளேட்டை மாற்றினார்கள், அரை நாள் வேலை. இப்போது செல்வகுமாரி தன் நிலம் போக, கரியமாணிக்கத்தில் இன்னும் நாலு பேர் நிலத்துக்குச் சேடை ஓட்டுகிறாள். ஆவணி பிறந்தால் அவளைப் பிடிப்பது கஷ்டம். போன வாரம் காசம்மாள் என்ற ஒரு பெண்மணி, அவள் அனுப்பியதாகச் சொல்லிக் கடைக்கு வந்து, எந்தப் பழைய வண்டி வாங்கலாம் என்று கேட்டார். மெஹர் நிஷா அவருக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டு, முதலில் அவருடைய நிலம் மேடா பள்ளமா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.